நாலாவது ஆள்

"மொத்தம் எத்தனை பேரு இருப்பீங்க?"

யமுனா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானு, அவரு, பையன். மூணே பேருங்க."

குழந்தையைத் தோளில் போட்டபடி பின்னால் நின்ற அவள் கணவன் யுவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோயமுத்தூரில் லேத் பட்டறை வேலை கிடைத்தும், குடும்பத்தோடு தங்க ஓர் அறை அவனுக்கு அமையவில்லை. கொல்லிமலை என்றதுமே கதவைச் சாத்தினார்கள். இந்த முறையும் அமையாவிட்டால் அவன் பட்டறையிலேயே சாக்கை விரித்துப் படுக்க, இவள் பிள்ளையோடு மலையில் கிடக்க வேண்டியதுதான்.

நிபந்தனைகள் வரிசையாக வந்தன. தண்ணீர் காலையில் மட்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கேழ்வரகு இடிக்கிற சத்தம் கேட்கவே கூடாது. யமுனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"மலையிலிருந்து சொந்தக்காரங்க மூட்டை மூட்டையா வந்து எறங்குவாங்களே?"

"பலாப்பழ மூட்டைதாங்க வரும். உங்களுக்கும் ஒரு பழம் உண்டு."

யுவராஜுக்குச் சிரிப்பு வந்தது. கேட்டவள் முகம் இளகவில்லை.

"மாமியா இருக்குதா?"

யமுனா திரும்பிப் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"காதுல உழுவலையா? வயசானவங்க இருந்தா ஊடு கெடையாது. நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா, சாவு உழுந்த ஊட்டுக்கு எவன் குடி வருவான்?"

இதற்கும் பதில் தயாராகத்தான் இருந்தது. செத்துப்போய்விட்டார் என்று ஒரு வார்த்தை. சொன்னால் வீடு. நாக்கு நுனிவரை வந்த அதை யமுனா விழுங்கினாள்.

"இருக்காங்க. அவங்க மொளகு வித்த காசுலதான் உங்களுக்கு அட்வான்சே தாரோம். அவங்க எங்ககூடத்தான் இருப்பாங்க. சாவறதுன்னாலும் எங்ககூடத்தான். அதுக்கு எடமில்லாத ஊடு எங்களுக்கு வேண்டாமுங்க."

யுவராஜ் தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

கொல்லிமலை வளப்பூரில் பஸ் நிற்குமிடத்தில், பாறைமேல் உட்கார்ந்து இதுவரை வீட்டுக்காரியாக நடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ருக்குமணி, தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸு வர நேரமாச்சு. இத்தனை சொல்லிக்குடுத்தும் அங்க போயி இப்படித்தான் பேசுவியா? மொதல்ல இருந்து வா கண்ணு. மாமியா செத்துப்போச்சுன்னு சொல்லிப் பழகு."

யமுனா துணி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உசுரோட எதுக்கால உக்காந்திருக்கறவங்களை எப்படிச் செத்துட்டாங்கன்னு சொல்றது? எந்திரிங்க அத்தை, நீங்களும் பஸ் ஏறுங்க."