நாலு சில்லுக்கும்

ஃபோனில் டெனிஷாவின் பெயருக்கு மேலே றொபேட்டின் பெருவிரல் நின்றது. அழுத்தவில்லை.

மகள் இப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு வத்தளைக்கு வேலைக்குப் புறப்பட்டிருந்தாள். அவள் கார் ஓட்டும்போது யாரும் அவளுக்கு ஃபோன் எடுக்கக் கூடாது. அது றொபேட்டே வீட்டில் போட்ட சட்டம்.

போன மாதம் அவரே அவளுக்கு எடுத்தார். வழியில் உள்ள பாலம் தாண்டிவிட்டாளா என்று கேட்கத்தான், வேறொன்றுமில்லை. ஃபோன் அடித்தால் சும்மா இருக்க டெனிஷாவுக்குத் தெரியாது. கையில் எடுத்தாள். முன்னால் போன நீர்கொழும்பு பஸ் நின்றதைக் காணவில்லை.

பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. காரின் மூஞ்சிதான் சப்பையானது.

கேட்டவர்களுக்கெல்லாம் றொபேட் பிரேக்கைத்தான் குற்றம் சொன்னார். சின்னக் கார்தானே, அந்த பிரேக் காணாது, பெரிசு வேணும் என்றார். துறைமுகத்தில் கூட வேலை செய்கிற கிளாக்மாரிடமும் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை போலப் பட்டது.

பிறகு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நாயாய் அலைந்தார். பெரிய காருக்குப் போடுகிற டிஸ்க் பிரேக் வாங்கினார். டயர் மாட்டுகிற பழைய சில்லுக்குள் அது அடங்காது என்றார்கள். சரி என்று கம்பி கம்பியாய் இடைவெளி விட்ட அலோய் சில்லும் வாங்கினார். முன்னுக்கு மட்டும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் நப்ரீஸ் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு சில்லுக்கும் பூட்டச் சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் பூட்டி முடிந்ததும் டிஸ்க் பிரேக்கின் வட்டத் தட்டுகள் சில்லுக்குள் பளபளவென்று மின்னின. ஆசையில் றொபேட் தடவிப் பார்க்கப் போனார். நப்ரீஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"கை வைக்க வாணாம் அங்கிள். எண்ணெ கிண்ணெ பட்டா பிரேக் புடிக்காது."

இன்னொன்றும் சொன்னான். புது பிரேக் முதலில் கொஞ்சம் வழுக்கும், ஓட ஓடத்தான் சரிவரும். இன்று காலை றொபேட் அதை மகளிடம் அப்படியே ஒப்பித்தார். வழுக்கினால் பயப்படாதே, போகப் போகப் பிடிக்கும் என்றார்.

ஒழுங்கை முனையில் அவள் பிரேக் அடித்தாள். சிவப்பு லைட் எரிந்தது. கார் உடனே நிற்கவில்லை. பெரிய ரோட்டுக்குள் மூக்கை நீட்டித்தான் நின்றது. நப்ரீஸ் சொன்னது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு றொபேட் வீட்டுக்குள் வந்தார்.

ஆனாலும் கை ஃபோனுக்குத்தான் போனது. இந்நேரம் பாலத்தை நெருங்கியிருப்பாள். முன்னும் பின்னும் கொண்டெய்னர் லொறிகள் போகும். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இறக்கம்.

அவர் மனைவி யோசெப்பின் சோபாவில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குப் புதினமாக இருந்தது. மகள் கார்ச் சாவியை எடுத்தால் இவள் செபமாலையை எடுப்பாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வரும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாது.

"என்ன, இண்டைக்குப் பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்? நேத்துச் செவ்வாய்க்கிழமைதானே. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாரைக் கும்பிட்டு, ஆசீர்வதிச்ச எண்ணெயும் கொண்டு வந்தனான். ராவைக்கே காருக்குப் பூசியாச்சு."

றொபேட்டுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்குள் புதிதாக வந்த எதுவும் யோசெப்பினின் எண்ணெயிலிருந்து தப்பியதில்லை. ஃபிரிட்ஜ் கதவு, ரைஸ் குக்கர் மூடி, டெனிஷாவின் பரீட்சைப் பேனை. ஸ்டியரிங்கில் ஒரு சிலுவை போட்டிருப்பாள். போட்டால் போடட்டும்.

"ஸ்டியரிங்லயா பூசினாய்?"

"ஸ்டியரிங் பழசுதானே. புதுசுக்குத்தானே பூச வேணும்." யோசெப்பின் கோப்பையை வைத்துவிட்டு விரலை வளைத்துக் காட்டினாள். "கம்பி இடுக்கால கையை விட்டு, அந்த மின்னுற தட்டை நல்லாத் தேச்சு விட்டனான். நாலு சில்லுக்கும்."

நப்ரீஸ் பதறித் தன் கையைப் பிடித்தது றொபேட்டுக்கு நினைவு வந்தது. வழுக்கினால் பயப்படாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறாரே. அவள் பயப்படமாட்டாள். நிறுத்தி இறங்கிப் பார்க்கவும் மாட்டாள்.

இப்போது ஃபோன் அடித்தால் எடுப்பாள். எடுத்தால் கண் ரோட்டில் இராது. அடிக்காவிட்டால், இறக்கத்தில் அந்த பிரேக்கை நம்பி மிதிப்பாள்.

பெருவிரல் இன்னும் அவள் பெயருக்கு மேலேயே நின்றது. மாதாவே என்று முனகிக்கொண்டு அழுத்தினார்.

மணி உள்ளறையில் அடித்தது.

விழுந்தடித்து ஓடினார். அந்தோனியார் படத்துக்குக் கீழே, காலியான எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், டெனிஷாவின் ஃபோன் அதிர்ந்துகொண்டு கிடந்தது. திரையில் 'டடி' என்று இருந்தது.

"உங்களுக்காகத்தான் வச்சிட்டுப் போனாள்." யோசெப்பின் ஹோலிலிருந்து குரல் கொடுத்தாள். "'டடி நல்லாப் பயப்படுறார் மம்மி, இனி கார்ல ஃபோன் கொண்டு போகமாட்டன்' எண்டாள். ஒஃபிசுக்குப் போனதும் அங்கயிருந்து எடுப்பாள். இப்ப உங்களுக்கு நிம்மதிதானே?"