கடைசிக் கட்டில்

“சொந்த ஊர் எது?” என்று கேட்டார் மீராசாஹிப் ஹாஜியார்.

“மதுரங்குளிப் பக்கம் ஹாஜியார்” என்றார் முத்தலிபு.

“அது இப்ப இருக்கிற ஊர். நான் சொந்த ஊரைக் கேக்கிறன்.”

“வாப்பா ஆக்கள் எருக்கலம்பிட்டி.”

ஹாஜியார் ஒரு தரம் இருமினார். “மன்னாரா? அதானே பாத்தன். கதையிலேயே தெரியுது.”

கம்பஸ் பெண்கள் விடுதி அலுவலகத்துக்கு வெளியே ஒரு வாங்கு. அதன் நடுவில் இரண்டு வாப்பாமார் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் அவர்களுடைய மகள்மார். இருவரும் முதலாம் வருடம். விடுதியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டில்.

முத்தலிபுவுக்கு உப்பளத்தில் வேலை. மகள் றஹ்மாவுக்கு ஆய்வுகூட வகுப்பு முடிய ஆறு மணியாகும். அவர்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தரைக்கு. கட்டில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் மூன்று நாளாக அதே கதைதான்.

ஹாஜியாருக்குப் புத்தளத்தில் தென்னந்தோட்டம் இருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் பதவி இருந்தது. சொல்வதற்கும் நிறைய இருந்தது.

“கோவிக்க வேணாம் தம்பி. தொண்ணூறுல இயக்கம் மன்னாரை விட்டு வெரட்ட, உடுத்த உடுப்போட வந்து எறங்கினீங்க. பாவம் எண்டு எங்கட ஊர்ல இடம் குடுத்தம்.”

“அதை மறக்க மாட்டம் ஹாஜியார்.”

“பள்ளியில இடம் குடுத்தம். ஸ்கூல்ல இடம் குடுத்தம். இப்ப கம்பஸுக்கும் வந்துட்டீங்க. மாவட்டத்துக்கு இத்தனை பிள்ளை எண்டுதானே கம்பஸுக்கு எடுக்கிறது? புத்தளத்துக்கு உள்ளதை அகதிப் பிள்ளைகள் எடுத்தா, எங்கட பிள்ளைகள் எங்க போறது?”

“மகள் இங்கதான் பொறந்தா.”

“பொறந்தாப்போல ஆச்சா? அடுத்த மாவட்டத்தான்ட இடத்தை எடுக்கிறது ஹறாம் தம்பி. நாளைக்கு அல்லாஹ் கேப்பான்.”

ஹாஜியாரின் மகள் நிஃப்லா, “வாப்பா, மெதுவாக் கதைங்க” என்றாள்.

“ஏன்? நியாயத்தைத்தானே கதைக்கிறன்?”

முத்தலிபு தலையைக் குனிந்துகொண்டார். றஹ்மா குனியவில்லை.

விடுதிப் பொறுப்பாளர் பிரான்சிஸ்கா மிஸ் நால்வரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்.

“இருக்கிறது ஒரு கட்டில். தூரத்துப் பிள்ளைக்குத்தான் குடுக்கலாம். அதுதான் சட்டம்” என்று சொல்லிக் கோப்புகளைத் திறந்தார். “றஹ்மா. புத்தளம் மாவட்டம், மதுரங்குளி. இருபத்திரண்டு கிலோமீற்றர். அடுத்தது நிஃப்லா. மன்னார் மாவட்டம்...” மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “எருக்கலம்பிட்டி.”

முத்தலிபு நிமிர்ந்தார். ஹாஜியார் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

மன்னார் என்று விண்ணப்பித்தால் கொஞ்சம் குறைந்த புள்ளியோடும் கம்பஸுக்குள் வரலாம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

“ஹாஜியாரைப் புத்தளத்துக் கல்யாண வீடுகளில கண்ட மாதிரி இருக்கே” என்றார் மிஸ்.

“சொந்தக்காரர் இருக்காங்க மிஸ். வந்து போறது.”

“எருக்கலம்பிட்டியில எந்தப் பக்கம்?”

“அது... பள்ளிக்குப் பக்கத்தில.”

“எந்தப் பள்ளி?”

ஹாஜியார் லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

மிஸ் பேனையை மேசையில் வைத்தார். “எனக்குச் சந்தேகமா இருக்கு. விசாரிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும். விலாசம் பொய் எண்டால் கட்டில் மட்டுமில்ல, இந்தப் பிள்ளையின்ட கம்பஸே போயிடும்.”

நிஃப்லாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

மிஸ் றஹ்மாவின் கோப்பைப் புரட்டினார். “உங்கட வாப்பா பொறந்த இடமும் எருக்கலம்பிட்டி எண்டுதானே இருக்கு? இவங்களைத் தெரியுமா?”

முத்தலிபு வாயைத் திறந்தார். ‘தெரியாது’ என்ற ஒரு சொல் போதும். கட்டில் அவருடைய மகளுக்கு.

அதற்குள் றஹ்மா முந்திக்கொண்டாள்.

“தெரியும் மிஸ். வாப்பா பொறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்ப கட்டில் உங்களுக்கு இல்ல.”

“ஓம் மிஸ்.”

“கட்டிலை இழக்கிற பிள்ளையே சொல்லுது. இனி நான் என்னத்தை எழுத?” மிஸ் படிவத்தை ஹாஜியாரின் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடுங்க.”

ஹாஜியார் போட்டார். மிஸ்ஸின் பேனையைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியேறினார்.

கம்பஸ் வாசலுக்கு வரும்வரை முத்தலிபுவால் பொறுக்க முடியவில்லை.

“என்ன மகள் வேலை பாத்த? அவர்கிட்ட வாகனம் இருக்கு. புத்தளத்துக்கு அரை மணித்தியாலம். அவருக்கு எதுக்குக் கட்டில்?”

“மன்னார்ப் பிள்ளை தினமும் புத்தளத்தில இருந்து வந்து போனா, ஆராவது பெட்டிசன் போட்டுடுவாங்க வாப்பா. அதுக்குத்தான்.”

“அவர் பயத்துக்கு நீ அரைவாசி வகுப்போட பஸ்ஸுக்கு ஓடப் போறியா? அந்த ஊரை நீ கண்ணால கண்டதும் இல்ல!”

றஹ்மா திரும்பிப் பார்த்தாள். விடுதிப் படியில் ஹாஜியார் மகளின் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்.

“அவங்கட ஊர்ல எங்களுக்கு இடம் குடுத்தாங்க எண்டுதானே சொல்றார்? எங்கட ஊர்ல நானும் அவருக்கு ஒரு வீடு குடுத்திட்டன் வாப்பா. முப்பத்தஞ்சு வருசமா அங்க சும்மாதானே கிடக்குது.”