திக்கிய இடம்

படம் மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

புரோட்டா கடை வாசலில் ஒரு பையன் மல்லாந்து கிடக்கிறான். அவனைத் தள்ளிவிட்டவன் முதுகைக் காட்டி நடந்து போகிறான்.

அது அவள் மகனின் முதுகு.

அங்கே திரை உறைகிறது. கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. பிறகு ஒரே தாவல். கடை வாசலில் கூட்டம்.

நடுவில் நடந்தது இல்லை.

கிடந்த பையன் சுடலைமணி, பிறகு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். பைக் உரசியதில் வந்த தகராறு. தள்ளியது நிஜம், தள்ளிவிட்டு நான் போய்விட்டேன், அதற்கப்புறம் வேறு யாரோ வந்து அடித்திருக்கிறார்கள் என்று இசக்கிராஜா போலீசிடம் சொன்னான். வக்கீலிடம் சொன்னான். ஜாமீனில் வந்த அன்று, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டும் சொன்னான்.

செண்பகவல்லி நம்பினாள்.

எதிரிலிருந்த செல்போன் கடையின் கேமரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. அதை போலீசில் டிவிடியில் போட்டு வக்கீலுக்குக் கொடுத்திருந்தார்கள்; அவள் அதை வீட்டுக்கு வாங்கி வந்திருந்தாள். வக்கீல் ஆபீஸிலும் திக்கித் திக்கித்தான் ஓடியது. ஓடாமல் இருப்பதே நமக்கு நல்லது என்றார் வக்கீல்.

அவளுக்கு அது போதவில்லை. அந்த வேறு யாரோவின் முகம் அவளுக்கு வேண்டியிருந்தது.

டிவிடித் தட்டை வெளியே எடுத்தாள். ஊதினாள். வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். திரும்பப் போட்டாள்.

திக்கியது.

கம்ப்யூட்டரில் திறந்திருந்ததையெல்லாம் மூடினாள். வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தாள்.

திக்கியது.

தட்டிலிருந்து ஓட்டினால்தானே தடுமாறுகிறது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இறக்கிவிட்டால்? காப்பி பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. டிரைவ் உறுமியது. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். பாதியில் நின்ற கோடு மறுபடி நகர்ந்தது.

முடிந்தது.

இம்முறை படம் தண்ணீர்போல் ஓடியது.

முதுகைக் காட்டிப் போனவன் நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். ஒரு செருப்பு இல்லை.

திரும்பி வந்தான்.

செருப்பு சுடலைமணியின் இடுப்போரம் கிடந்தது. அதைக் காலால் நிமிர்த்தி, விரலை நுழைத்து, குனிந்து வாரைச் சரிசெய்துகொண்டான். கிடந்தவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். அவன் வாய் எதையோ சொன்னது. படத்தில் சத்தம் இல்லை.

இசக்கிராஜா நடக்கத் தொடங்கினான்.

போயிரு, என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். போயிருய்யா.

அவன் போனான். தெருவிளக்கைத் தாண்டினான். அங்கே நின்றான்.

மறுபடி திரும்பி வந்தான். அவசரமில்லாமல் வந்தான்.

செருப்புக் கால் உயர்ந்து முகத்தில் இறங்கியது. தலை தரையில் மோதி எழும்பியது. மறுபடி இறங்கியது. சுடலைமணியின் கை காலைப் பிடிக்கப் பார்த்தது. அந்தக் கையையும் மிதித்தான். கை ஓய்ந்த பின்னும் மிதித்தான். கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாகாக நின்று மிதித்தான்.

வேறு யாரும் வரவில்லை.

அடுக்களையில் உலை பொங்கி அடுப்பு அணைந்தது. அவள் எழவில்லை.

பின்னால் மூச்சு கேட்டது. இசக்கிராஜா நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் கண்கள் திரையில் இருந்தன.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

“செருப்பப் போட்டுட்டுப் போயிட்டியேல. பெறவு எதுக்குத் திரும்பி வந்த?”

அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுஸை எட்டினான். அவள் கை அதன்மேல் இருந்தது. அந்தக் கையோடு சேர்த்துப் பிடித்து நகர்த்தினான். அம்பு, இறக்கிவைத்த படத்தின்மேல் போய் நின்றது. மறு கையால் டெலீட்டை அழுத்தினான். அழிக்கவா என்று திரை கேட்டது.

மவுஸ் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். இப்படித்தான், கைமேல் கை வைத்து.

மவுஸ் பட்டன்மேல் இருந்த விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

அவன் பிடி இறுகியது. மோதிரம் எலும்பில் அழுந்தியது. விடும்மா என்றான், மெதுவாக. இன்னும் இறுக்கினான். விரலில் ஏதோ நெரிந்தது. அவள் கண்ணில் நீர் கொட்டியது.

மடக்கிய விரலை அவள் நீட்டவில்லை.