டிலே பெட்டி

குரோம்பேட்டையில் மாமா புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் மூன்று பேர் இருந்தோம். சுவரோரம் கிடாரோடு சவுரிமுத்து. தரையில் நான், கிடார் ஒலியை எதிரொலிக்க வைக்க நானே செய்த டிலே பெட்டியோடு. சிமெண்ட் மூட்டைமேல் ஜெயக்கொடி அக்கா.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குழுக்காரர் இங்கேயே வந்து கேட்பார். எதிரொலி பிடித்தால் சவுரிக்கு வேலை.

அவன் மீட்டினான். ஒவ்வொரு எதிரொலியோடும் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறியது.

"இது கிடாரா, குக்கராடா?" என்றாள் அக்கா.

பெட்டியை அணைத்து, டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தேன். பெட்டியைச் சுற்றிப் பால்பவுடர் டின் தகட்டைப் போர்த்தினேன். வயர்களைக் குட்டையாக்கிப் பற்றவைத்தேன்.

"இப்ப வாசி மச்சான்."

எதிரொலி சுத்தமாக வந்தது. இரைச்சல் துளியும் இல்லை. சவுரி என்னைக் கட்டிக்கொண்டான்.

"எல்லாம் சரி," என்றாள் அக்கா. "பெட்டி ஏன் இன்னும் ஆஃப்லயே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். கிடார் ஒலி நேராக ஸ்பீக்கருக்குப் போயிருந்தது. எதிரொலித்தது காலி ஹால்! சனிக்கிழமையே மாமா கட்டில், பீரோவோடு விழுப்புரத்திலிருந்து குடிவருகிறார். சாமான் நிறைந்தால் எதிரொலி போய்விடும்.

உடனே இன்லேண்ட் லெட்டர் எடுத்தேன். 'அன்புள்ள மாமாவுக்கு, இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம். ஹாலில் நாம் எது பேசினாலும், ஆளே இல்லாமல் அதே பேச்சு திரும்பக் கேட்கிறது. மூன்று பேரும் கேட்டோம்.'

"அடப்பாவி, பொய்யா எழுதற?"

"எந்த வார்த்தை பொய், சொல்லுக்கா?"

ஓரங்களை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன்.