மேளம் அடிக்காத நாடகம்

"என்ரை சீவியத்திலை உப்பிடி ஒரு நாடகம் நான் பாத்ததில்லையடாப்பா!"

குருநகர்க் கடற்கரைத் தேத்தண்ணிக் கடையில் காலையில் ஜெறோம் இப்படிச் சொன்னதும் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நேற்றுப் பின்னேரம் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த இசை நாடகத்தைப் பற்றித்தான் கதை. கொழும்பிலிருந்து லொறி கட்டி ஊரூராக வருகிற குழு. 'மேள முழக்கத்தில் மண்டபமே அதிரும்' என்று நோட்டீசில் வேறு போட்டிருந்தார்கள்.

"அதிர்ந்ததோ, ஜெறோமண்ணை?" என்று கிண்டினான் றோய்.

"எனக்குப் பக்கத்திலை இருந்தவன்ரை குறட்டைதான் அதிர்ந்தது!"

"மேளமெல்லாம் மேடையிலைதானே கிடந்தது. உறையே அவிழ்க்கேல்லை."

"கலியாணக் காட்சி பாத்தனியோ? மேளமில்லாமல் தாலி கட்டுறார் மாப்பிளை. களவாய்க் கூட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி."

"சண்டைக் காட்சி?"

"சண்டையோ அது? வாளிலை வாள் முட்டாமல் பாத்துப் பாத்தெல்லோ வீசினவங்கள். ஆடின பிள்ளையளின்ரை காலிலை சலங்கையும் இல்லை. மைக்கும் போடேல்லை. முன்வரிசையிலை இருந்த எனக்கே பாட்டு விளங்கேல்லை எண்டால் பாரன்," என்றான் ஜெறோம்.

அந்த எரிச்சலில்தான் நேற்று ஜெறோம் நாடகத்தின் பாதியில் எழும்பிக் கத்தினான். "என்ன, செத்தவீடோ நடத்துறியள்? மேளத்தை அடியுங்கோடா!"

மண்டபம் முழுக்கக் கூ அடித்தது. மேடையில் ராசா வேசத்தில் நின்றவர் சனத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு அதே மெல்லிய குரலில் திரும்பவும் பாடத் தொடங்கினார். அதுக்கும் ஒரு கூ.

அதையெல்லாம் ஜெறோம் வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருந்தான். கனடாவிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்து விழுந்துகொண்டிருந்தது. மனுசனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

போன் அடித்தது. சுன்னாகத்திலிருந்து கூட்டாளி ஜெயரூபன். நாளைக்கு அதே நாடகம் அங்கே. ஒழுங்கு செய்தவன் அவன்தான்.

"வீடியோ பாத்தன், ஜெறோம். உண்மையாவே அவ்வளவு மோசமோ? வரவேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"இதென்ன கேள்வி? உடனை சொல்லு. இல்லாட்டிச் சனம் உன்னைத்தான் கூ அடிக்கும்."

ஊருக்கே பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு ஜெறோம் தேத்தண்ணியை உறிஞ்சினான்.

அப்போதுதான் கோயிலில் துக்க மணி அடித்தது. அந்த மணி கேட்டால் பங்கில் ஒரு வீட்டிலும் றேடியோகூடப் பாடாது. கடைக்காரர் எட்டிப் பாட்டை நிற்பாட்டினார்.

"ஆராம் செத்தது?"

"படுக்கையிலை கிடந்த கிறகோரியாம். மண்டபத்துக்குப் பின்வீடு," என்றான் கோயில் பக்கமிருந்து வந்த ஒருவன்.

ஜெறோமும் றோயும் எழும்பிப் போனார்கள். படலையடியில் ஜெறோமின் கால் நின்றுவிட்டது. நேற்றைய ராசா முற்றத்தில் பந்தற்காலுக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். வாள் வீசிய இரண்டு பேரும் கதிரை தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"உவங்களுக்கு இஞ்சை என்னடா வேலை?"

றோய்க்கும் தெரியவில்லை.

கிறகோரியின் மனுசி கத்தரீனா வாசலிலேயே ஜெறோமின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேற்றே கண்ணை மூடிட்டார், தம்பி. நாடகம் தொடங்கக் கொஞ்சம் முந்தி."

"நேற்றோ? ஏன் மாமி ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் மணி அடிக்கவேணும். மணி அடிச்சால் நாடகம் நிண்டுபோம். குஞ்சு குருமானெல்லாம் புதுச்சட்டையோடை மண்டபத்துக்கை ஓடித்திரியுற சத்தம் கேக்குது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஊருக்கு ஒரு நாடகம் வந்திருக்கு! இந்த மனுசனுக்கு இனி என்ன அவசரம், விடியுமட்டும் கிடக்கட்டும், மணி அடிக்கவேண்டாமெண்டு பாதரிட்டைச் சொன்னன்."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்தா கயிறு கட்டிக்கொண்டு நிக்கிற கோபிசங்கருக்கு மட்டும் பாதர் சொல்லிப்போட்டார். பெடியன் வேசத்தோடையே ஓடிவந்து, 'நிப்பாட்டுறம் அம்மா' எண்டுது. நான்தான் மறிச்சன். 'அப்ப மேளம் அடிக்கமாட்டம், அம்மா. ஏனெண்டு சனத்துக்கும் சொல்லமாட்டம்' எண்டுது. ஒரு சலங்கைச் சத்தம்கூட இஞ்சை கேக்கேல்லை, தம்பி. முடிஞ்ச கையோடை எல்லாரும் வந்து எனக்குத் துணைக்கு இருந்தவை."

ஜெறோம் மெல்ல வேலியோரம் ஒதுங்கி வீடியோவை அழித்தான். அழித்தென்ன, அது ஊரூராகப் போய்விட்டது. அவசரமாக ஜெயரூபனுக்கு அடித்தான்.

"நாளைக்கு அவங்கள் வரட்டும் மச்சான், வேண்டாமெண்டு சொல்லாதை!"

"நீ சொன்ன கையோடையே சொல்லிப்போட்டன். மண்டபத்தையும் வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சு. கோபிசங்கர் ஏனெண்டுகூடக் கேக்கேல்லை. 'சரி' எண்டு மட்டும் சொன்னார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் இனி இந்த முற்றத்தில் நிற்கலாம் என்று ஜெறோம் திரும்பி வந்தான்.

"மாமி... நேற்று..."

"ஓம் தம்பி, நானும் கேக்க நினைச்சனான்," என்று கத்தரீனா இடைமறித்தாள். "நேற்று இடையிலை ஆரோ 'செத்தவீடோ' எண்டு பெலக்கக் கத்திக் கேட்டது. எங்கடை வீட்டு விசயம் தெரிஞ்சுதான் நாடகத்தை நிப்பாட்டச் சொல்லுறாராக்குமெண்டு எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. ஆர் தம்பி அந்த நல்ல மனுசன்?"

ஜெறோம் தலையைக் குனிந்தான். கயிறு கட்டிக்கொண்டு நின்ற கோபிசங்கர் அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்களுக்கும் தெரியேல்லை, அம்மா," என்றார். "மேடையிலை லைட் கண்ணிலை அடிச்சது. முன்வரிசையிலை ஒருதற்றை முகமும் தெரியேல்லை."