ஹெந்தளைக் கடிதம்

வெள்ளவத்தை மாடிவீட்டில் காலைத் தபாலைப் பிரித்தாள் பிறிஜெற். தத்துவப் பேராசிரியர் இராஜநாயகத்துக்குக் கண் மங்கியதிலிருந்து வாசிப்பதும் பதில் எழுதுவதும் அவள்தான். போரை நிறுத்தச் சொல்லிப் பிரதமர்களுக்கே எழுதுகிற மனிதர், யார் எழுதினாலும் பதில் போடாமல் விடமாட்டார்.

“இது ஹெந்தளையிலயிருந்து ஒரு பொம்பிளை. புருஷன் உலகத்தோட எல்லாம் கதைக்கிறாராம், வீட்டில தன்னோட கதைக்கிறதில்லையாம்.”

“பாவம். எழுதும். அன்புள்ள சகோதரிக்கு, நீங்களே தேநீர் போட்டுக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்து கதையுங்கள். எந்த மனிதனும் மறுக்கமாட்டான்.”

எழுதி முடித்த பிறிஜெற் மெல்லக் கேட்டாள். “தேத்தண்ணி கொண்டு வரட்டே? கொஞ்ச நேரம் இருந்து கதைப்பம்.”

“இப்ப நேரமில்லை. அடுத்த கடிதத்தை வாசியும்.”

அவள் தாளை நீட்டினாள். அவர் விரலால் இடம் தடவி, ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

உறையில் பிறிஜெற் தன் அக்காவின் ஹெந்தளை விலாசத்தை எழுதினாள். போன ஞாயிறு அங்கே போனபோதுதான் வேறு பெயரில் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தாள்.

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் புருஷன் அவளுக்கு எழுதிய முதல் ‘அன்புடன்’ அது.