செவெரோ வெட்டிய எர்த் குழி

இடுப்பு கழன்று தனியாக விழுந்துவிடும் போலிருந்தது செவெரோவுக்கு. குழி நெஞ்சளவு வந்திருந்தது. எல் ஆல்ட்டோ ஊர் மண் அப்படி: மேலே புழுதி, ஒரு முழம் கீழே போனால் சிமென்ட்டுக்கு அண்ணன்.

மண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குழியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. கிதாருக்கு வெட்டுறேன்."

"நல்ல முடிவு," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

ஊரில் எல்லாருக்கும் அந்தக் கிதாரைத் தெரியும். ஒயரைச் செருகினால் போதும், பாட்டுக்கு முன்னால் 'ங்ங்ங்' என்று வந்துவிடும். செவெரோ கேபிளை மாற்றினான், ஆம்ப்ளிஃபயரை டியூப் லைட்டிலிருந்து தள்ளி வைத்தான், சமையலறை அலுமினியத் தாளைக் கிழித்துக் கிதாரின் வயிற்றுக்குள் ஒட்டினான். இரைச்சல் அசையவில்லை. கிதார் மட்டும் கொஞ்சம் கனத்தது.

போன வருடத் தெருத் திருவிழாவுக்கு மின்சாரம் செவெரோ வீட்டிலிருந்துதான் போனது. இந்தச் சனிக்கிழமைக்கும் அங்கிருந்துதான். அவன் கிதார் வாசிக்கும் கும்பியா பாட்டுக் குழுவின் தலைவன் வால்டெர் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டான்.

"போன தடவ பாதிரியார் ஜெபம் முடிக்கிறவரைக்கும் உன் பெட்டி கூடவே ஆமென் போட்டுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து கேப்பேன். சத்தம் இருந்துச்சுன்னா உன் இடத்துல வேற ஆளு. ஆளும் பாத்தாச்சு."

வாரம் முழுக்க ஊரான் வீட்டுக்குச் செங்கல் அடுக்கும் கொத்தனார் செவெரோ. ஜிகினாச் சட்டை போட்டு மேடையில் நிற்கும் மூன்று மணி நேரம்தான் அவனுக்கென்று இருந்தது. அதுவும் போனால் மிச்சம் செங்கல்தான்.

அதனால்தான் மனைவியின் அண்ணன் நெமெசியோவைக் கூப்பிட்டான். நெமெசியோவுக்கு மின்சார வேலை. செவ்வாய்க்கிழமை வந்து கிதாரின் முதுகுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான், "ம்" என்றான், திரும்ப மூடினான். சமையலறைக்குப் போய்த் தங்கையோடு பேசிக்கொண்டே ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டு வந்தபிறகுதான் நோய் இன்னதென்று சொன்னான்.

"வீட்டுக்கு எர்த்தே இல்ல மாப்ள. இந்தக் காஞ்ச மண்ணுல சும்மா கம்பி நட்டா பிடிக்காது. குழி வேணும்."

"எவ்வளவு ஆழம் மச்சான்?"

"ரெண்டு மீட்டர். அகலம் ஒரு மீட்டர், சதுரமா. வீட்டை ஒட்டி வேண்டாம், அந்தக் கோடி மூலையில வெட்டு. அங்கேர்ந்து காத்து வீட்டுப் பக்கம் அடிக்குதான்னு மட்டும் பாத்துக்க."

செவெரோ விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தான். மின்சாரம் படித்தவர்கள் சமாச்சாரம், நாலும் இருக்கும்.

ஆச்சரியம் காசிமிராதான். கிதார் உறையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனைவி, இந்தக் குழிக்கு இறங்கி வந்தாள். ஆகஸ்ட்டில் மண் வாய் திறந்திருக்கும், கேட்காமல் வெட்டினால் கோபித்துக்கொள்ளும் என்று, முதல் வெட்டுக்கு முன்னால் நாலு மூலையிலும் சாராயம் ஊற்றிக் கோக்கா இலை தூவி மண் தாயிடம் அனுமதி வாங்கினாள்.

மூன்று நாளும் வேளாவேளைக்குச் சூப்பு வந்தது. "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போலாம்யா," என்று எட்டிப் பார்த்து உற்சாகப்படுத்தவும் செய்தாள். பதினோரு வருடத்தில் அவன் சங்கீதத்துக்கு அவள் காட்டிய முதல் மரியாதை அது. செவெரோவுக்குக் கண் கலங்கியது, புழுதியாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் குழி இரண்டு மீட்டரைத் தொட்டது. நெமெசியோ கை கொடுத்து அவனை மேலே இழுத்தான். "போய்க் கை கால் கழுவு மாப்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கழுவிவிட்டு வந்தபோது வால்டெர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செவெரோ கொப்புளம் கட்டிய விரல்களால் ஒயரைச் செருகி, சத்தத்தைக் கடைசிவரை திருகினான்.

ஒன்றுமில்லை. மூன்றாவது தெருவில் நாய் குரைத்தது கேட்டது. ஒரு தந்தியைத் தட்டினான். கழுவி வைத்த மாதிரி வந்தது ஸ்வரம்.

வால்டெர் கட்டிய கையை அவிழ்த்தான். "நாளைக்கு ஆறு மணி. சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு வா."

"குழி வால்டெர், குழி! ரெண்டு மீட்டர்! என் கையால!" செவெரோ வலியையெல்லாம் மறந்து அவனைத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துப் போனான்.

குழி அங்கேயே இருந்தது. அதில் கம்பியும் இல்லை, ஒயரும் இல்லை. காசிமிரா அதன்மேல் இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெமெசியோ நின்றான்.

"எர்த் கம்பி எங்க மச்சான்?"

"கம்பியெல்லாம் எதுக்கு மாப்ள? கிதார் முதுகுல ஒரு ஒயர் விட்டிருந்துச்சு. இப்பத்தான் பத்த வச்சேன், ரெண்டு நிமிஷ வேலை."

"அப்ப இந்தக் குழி?"

காசிமிரா பலகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீ வாக்குக் குடுத்த கக்கூஸு, கொத்தனாரே. குழி வந்துருச்சு, நாலு சுவரும் ஒரு கதவும் இன்னும் பாக்கி."